அத்தியாயம் 9: மூன்று வருட வாறண்டி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உதயகலாவின் லப்டொப் கண்ணைத் திறக்க மறுத்துவிட்டது.

முதலில் அவள் அதை நம்பவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சார்ஜர் வயரைக் கழற்றி மறுபடி செருகினாள். வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியாக, ஏழாலையில் எந்த மிசின் நின்றாலும் எல்லாரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள்.

தண்ணீர் இறைக்கும் மிசினாக இருந்தால் இந்த மரியாதைக்கு இரண்டு இருமலாவது இருமியிருக்கும். லப்டொப் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வீட்டோடு எட்டுக் கிழமையாகப் பழகியவர்களுக்கு அந்த லப்டொப்பின் அருமை தெரியும். இன்றைக்குத்தான் படலையைத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. பாலர் பாடசாலையில் இருபது வருடம் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து எழுத்துப் பழக்கியவள் உதயகலா. அந்த வேலையை விட்டு வீட்டில் இருந்தவளுக்கு, மாசி மாதத்திலிருந்து புது வாழ்வு வந்திருந்தது. சுவிஸில் இருக்கும் பதினொரு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பின்னேரம் ஐந்தரைக்கு சூம் வழியாகத் தமிழ் படிப்பிக்கிறாள். மகள் தர்சினி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு வீட்டில் அவளும் கணவர் நமசிவாயமும் மட்டும்தான்.

இன்றைக்குப் பின்னேர வகுப்பு மற்ற வகுப்புகளைப் போன்றதல்ல. பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வந்திருந்து பார்க்கப் போகிறார்கள். அங்கே பொறுப்பாக இருக்கும் செல்வநாயகி போன கிழமையே சொல்லியிருந்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் புதன்கிழமையும் ஒரு வகுப்பு உதயகலாவுக்குத்தான். புதன் பின்னேரம் சுவிஸில் பள்ளிக்கூடம் இல்லை, இன்னொரு பன்னிரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமைக்காக உதயகலா ஏழு நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டதை யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"உதை ஏன் தட்டுறீர்?" என்று வாசலில் குரல் கேட்டது.

நமசிவாயம் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு நின்றார்.

"லப்டொப் வேலை செய்யுதில்லை."

உதயகலா அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். இந்த வீட்டில் எதுவாவது வேலை செய்யவில்லை என்று நமசிவாயத்தின் காதில் விழக்கூடாது. விழுந்தால் அடுத்த பத்தாவது நிமிடம் அது துண்டு துண்டாகச் சாக்கில் கிடக்கும். சுன்னாகத்திலிருந்து புன்னாலைக்கட்டுவன் வரை மிசின் நமசிவாயம் என்றால் தெரியாத தோட்டக்காரன் இல்லை. நின்றுபோன வாட்டர் பம்பின் பக்கத்தில் குந்தியிருந்து, காதை வைத்துக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன வருத்தம் என்று சொல்லுகிற மனுசன்.

பழுதானதை மட்டும் கழற்றுகிறவர் என்றாலும் பரவாயில்லை. புதியதையும் கழற்றுவார். கடையிலிருந்து எது வந்தாலும் பாவிப்பதற்கு முன் ஒருதரம் திறந்து பார்த்தாக வேண்டும். "உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியாத சாமானை வீட்டுக்கை வைச்சிருக்கிறது எப்பிடி?" என்று கேட்பார். சாக்கை விரிப்பார், கழற்றுவார், பார்ப்பார், ஒரு சொட்டு எண்ணெயோ கிறீஸோ வைப்பார், பூட்டுவார். பிறகு ஒரு ஆணியை எடுத்து அடியில் திகதியைக் கீறிவிடுவார். இந்த வீட்டுக் கிறைண்டர், தையல் மிசின், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் அடியிலும் அவர் கைப்பட்ட திகதி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி கொண்டுவந்த பெடியன் அன்றைக்கு அழாத குறை.

லப்டொப்பை மட்டும் அவர் தொட்டு அவள் காணவில்லை. தொடக்கூடாது என்று உதயகலா சொல்லிவிட்டாள். அவரும் தலையை ஆட்டினார். அப்போதே அவளுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது.

காரணம் இருந்தது. தை மாதத்திலிருந்து நமசிவாயத்தின் வலது கை நடுங்குகிறது.

அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவள் அவருடைய தேத்தண்ணீர்க் கோப்பையை அரைவாசிக்கு மேல் நிரப்புவதை நிறுத்திவிட்டாள். அவர் ஏன் என்று கேட்காமல் குடித்தார். வெய்யிலுக்குக் கண் கூசுகிறது என்று சொல்லி ஸ்கூட்டியின் பின்சீற்றுக்கு மாறினார். அவளும் ஏன் என்று கேட்காமல் முன்னால் இருந்து ஓட்டினாள். ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதில் இருவரும் நல்ல கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

"சூடேறிப்போச்சாக்கும். கொஞ்சம் ஆறட்டும்," என்றார் நமசிவாயம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன்."

பெட்டி என்றால் சாமான் பெட்டி.  உதயகலா போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் மகளை அழைத்தாள்.

"அப்பாவைத் திறக்க விடாதேங்கோ அம்மா," என்றாள் தர்சினி, விசயத்தைக் கேட்ட மறுகணமே. "கீழை ஒரு சீல் ஒட்டியிருக்கும். அது கிழிஞ்சா நீங்கள் எடுத்த வாறண்டி போச்சு."

"அவருக்கு நான் வாறண்டி எடுத்தது தெரியாதெல்லோ."

"அப்ப சொல்லுங்கோவன்."

"சொன்னா, ஏன் எடுத்தனீர் எண்டு கேப்பார்."

 ஏன் எடுத்தாள் என்பது தர்சினிக்கும் தெரியாது. லப்டொப் வாங்கிய அன்று, யாழ்ப்பாணத்துக் கடையில் டினேஸ் என்ற விற்பனைக்காரப் பெடியன் அந்த அட்டையை நீட்டினான். "அன்ரி, கொம்பனி தாறது ஒரு வருஷம். கொஞ்சம் கூடக் குடுத்தா இன்னும் ரெண்டு வருஷம் சேத்துத் தருவம்," என்றான். உதயகலா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மிசின் நமசிவாயத்தின் பெண்சாதிக்கு என்ன வாறண்டி? அந்த நேரம் கண்ணாடிக்கு வெளியே அவர் தெரிந்தார். ஹெல்மெற்றின் கொழுவியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒருதரம் தவறியது, இரண்டாம் தரம் தவறியது. மூன்றாம் தரமும் தவற, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டாமலே நின்றார்.

"எழுதுங்கோ தம்பி," என்று அவள் சொல்லிவிட்டாள்.

அந்த அட்டை இப்போது அலுமாரியில், கூறைச் சேலையின் மடிப்புக்குள் இருக்கிறது. இந்த லப்டொப் என்றைக்காவது நின்றால், திறந்து பார்த்துத் தோற்றுப்போகிற நிலை அவருக்கு வரக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பத்து நிமிடமாகியும் நமசிவாயம் வரவில்லை. அவர் மிசின் திருத்தும் கொட்டிலுக்குப் போய் அவள் எட்டிப் பார்த்தாள். சாமான் பெட்டி திறந்திருந்தது. அவர் சின்னப் பலகையில் இருந்து ஒவ்வொரு ஸ்குறூ ட்றைவராக எடுத்து, துடைத்து, வைத்துக்கொண்டிருந்தார். வேண்டிய சின்ன ஸ்குறூ ட்றைவர் அவர் முழங்காலுக்கு முன்னாலேயே கிடந்தது. அதை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை.

உதயகலாவின் மனம் கரைந்துபோனது.

"இஞ்சருங்கோ, அதைக் கழட்ட வேண்டாம்."

"சரி," என்றார் நமசிவாயம்.

அவள் ஒரு பெரிய வாக்குவாதத்துக்கு ஆயத்தமாக வந்திருந்தாள். அத்தனையும் வீணாகியது.

"சரி எண்டா?"

"வேண்டாமெண்டா விடுவம். கடையிலை குடுத்துப் பாப்பம்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. சந்தோசப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குப் பயம் வந்தது. பயத்தோடு பயமாக மற்றதையும் சொல்லிவிட்டாள்.

"நான் அதுக்கு வாறண்டி எடுத்தனான். மூண்டு வருஷத்துக்கு."

ஸ்குறூ ட்றைவர் துடைத்த துணி நின்றது. "எப்ப?"

"வாங்கின அண்டே."

"எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா வேண்டாமெண்டிருப்பியள்."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "உதுக்கு சீல் கீல் எண்டு ஏதும் ஒட்டுவினமோ?"

"ஓம். அடியிலை ஒரு ஸ்ரிக்கர் இருக்காம். அது கிழிஞ்சா வாறண்டி இல்லையாம்."

நமசிவாயம் பெட்டியை மூடினார். எழும்பி உள்ளே போய் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வரும்போது சேட்டின் பொக்கற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

"லப்டொப்பை நான் சுத்துறன்," என்று, அதைச் சுற்ற அவள் எடுத்துவந்த துவாயை வாங்கிக்கொண்டார். மேசையிலிருந்து அதைத் தூக்கி, ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுற்றுவதுபோல ஒரே சுற்றாகச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

காங்கேசன்துறை வீதியில் சனிக்கிழமைச் சனம். மருதனார்மடம் சந்தியில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் வீதியை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். உதயகலா ஸ்கூட்டியை மெதுவாக்கினாள். கோபுரத்தைப் பார்த்து, வாறண்டி சரிவந்தால் ஒரு வடைமாலை சாத்துகிறேன் என்று மனதுக்குள் நேர்ந்தாள். மூன்று வருட வாறண்டிக்கும் மேலே ஒரு வாறண்டி எடுத்ததுபோல அவளுக்குச் சற்றுத் தெம்பு வந்தது.

இணுவில் தாண்டியதும் பின்சீற்றிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சரும். உந்த ஸ்ரிக்கர் வெய்யிலுக்குத் தானாக் கழராதோ?"

"மேசையை விட்டு எடுக்காத சாமானுக்கு ஆர் வெய்யில் காட்டினது?"

கோண்டாவிலில் மறுபடியும் குரல் வந்தது.

"பூச்சி கீச்சி அரிச்சும் கிழியலாம்," என்றார் நமசிவாயம்.

 பின்னால் பஸ்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான். உதயகலாவின் கவனமெல்லாம் வீதியிலும் ஐந்தரை மணியிலும் இருந்தது.

கடையில் டினேஸ் அதே சிரிப்போடு வரவேற்றான். வாறண்டி அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமாகியது. "பாத்தியளோ அன்ரி, எடுத்தது நல்லதாப் போச்சு," என்று சொல்லி, பின்பக்கத்தில் திருத்துகிற இடத்துக்கு அனுப்பினான். அங்கே றிஸ்வியா என்ற பெண், முக்காட்டுக்கு மேல் ஒரு சின்ன லைற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கணினியின் வயிற்றுக்குள் குனிந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கதைத்துக்கொண்டே வேலை செய்கிற, வேலை செய்துகொண்டே கதைக்கிற பிள்ளை.

"வாறண்டி இருந்தா நான் திறக்கேலாது அன்ரி," என்றாள், அட்டையைப் பார்த்துவிட்டு. "பதிஞ்சு கொழும்புக்குத்தான் அனுப்பவேணும். திருத்தி வர மூண்டு கிழமை செல்லும்."

"மூண்டு கிழமையோ? எனக்கு இண்டைக்கு அஞ்சரைக்கு வகுப்பு, பிள்ளை."

"நான் என்ன செய்யுறது அன்ரி. சட்டம் அப்பிடி."

 சுவிஸில் பதினொரு வீட்டில், பதினொரு திரைக்கு முன்னால், தாய் தகப்பன்மார் வந்திருந்து வெறும் கறுப்பைப் பார்க்கப் போகிறார்கள். போனில் எடுக்கலாம்தான். அந்தச் சின்னத் திரையில் பதினொரு முகத்தைப் பார்ப்பதா, ஆனா ஆவன்னா எழுதிக் காட்டுவதா? புதன்கிழமை உதயகலாவின் கையிலிருந்து வழுவிப் போய்க்கொண்டிருந்தது.

றிஸ்வியா துவாயை விலக்கி லப்டொப்பைக் கவிழ்த்தாள். லைற்றைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதை ஆரும் திறந்தவையோ?"

வெள்ளைச் சீல் நடுவில் நேராக வெட்டப்பட்டிருந்தது. நல்ல கூர்மையான பிளேட்டால், பொறுமையாக வெட்டின வெட்டு. அதற்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய கோடுகள். முதலில் ஒரு ஒன்று, பிறகு ஒரு நாலு, பிறகு ஒரு புள்ளி. அதோடு கீறல் நின்றுபோயிருந்தது. இருபது வருடம் பாலர் வகுப்பில் எழுத்துப் பழக்கியவளுக்கு அந்தக் கோடுகளைத் தெரியும். முதல்முதலாகப் பென்சில் பிடிக்கிற பிள்ளை இப்படித்தான் எழுதும்.

எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல உதயகலா வாயெடுத்தாள். அவருக்காக எந்தப் பொய்யையும் சொல்ல அந்த நிமிடம் அவள் ஆயத்தமாக இருந்தாள்.

"நான்தான் பிள்ளை," என்றார் நமசிவாயம்.

"ஏன் அங்கிள்?"

"புதுச் சாமான் வந்தா நான் திறந்து பாக்கிறது வழக்கம். மாசி பதினாலாந் திகதி, இவ கோயிலுக்குப் போன நேரம் திறந்தனான். உள்ளுக்கை ஒண்டும் செய்யேல்லை. சும்மா பாத்தனான். வடிவாய்த்தான் செய்திருக்கிறாங்கள்." மூடியின் விளிம்பை விரலால் காட்டினார். "எட்டு ஸ்குறூ ஆணி. ஏழு பூட்டிப்போட்டன். எட்டாவதைப் பூட்ட ஏலாமல் போச்சு. பொட்டு மாதிரி ஆணி, கையிலை நிக்குதில்லை."

சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். நாட்காட்டியில் கிழித்த தாள். மடிப்பெல்லாம் அழுக்கேறி, தேய்ந்துபோயிருந்தது. றிஸ்வியா அதைப் பிரித்தாள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளிபோல ஒரு ஸ்குறூ இருந்தது.

"நாலு மாசமாச் சேட்டுக்குச் சேட்டு மாத்தி வைச்சுக்கொண்டு திரியுறன்," என்றார். "கை நல்லாய் இருக்கிற ஒரு நாள் பூட்டுவம் எண்டு பாத்தன். அப்பிடி ஒரு நாள் வரேல்லை."

உதயகலாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. நாலு மாதமாகத் தோய்க்கப் போடும் ஒவ்வொரு சேட்டின் பொக்கற்றையும் அவள் தட்டிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் அவர் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"நான் ஏன் வாறண்டி எடுத்தனான் தெரியுமோ?" என்றாள். "அண்டைக்கு வெளியிலை நிண்டு ஹெல்மெற் கொழுவியை மூண்டு தரம் பூட்டப் பாத்தியள். நான் உள்ளுக்கை நிண்டு பாத்தனான்."

"பாத்தனீரோ."

"ஓம்."

"அப்ப அரைக் கோப்பைத் தேத்தண்ணியும் அதாலைதான்."

"ஓம்."

நமசிவாயம் தலையை ஆட்டினார். "நான் நினைச்சன், சீனி வருத்தம் வருமெண்டு குறைக்கிறீராக்கும் எண்டு," என்றார். அது பச்சைப் பொய். பொய் என்று அவளுக்கும் விளங்கியது, விளங்கியது என்று அவருக்கும் விளங்கியது. இருவரும் சிரித்துவிட்டார்கள். றிஸ்வியா வாறண்டி அட்டையின் பின்பக்கத்தை மிகவும் அக்கறையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சீல் கிழிஞ்சதாலை வாறண்டி போச்சு அன்ரி," என்றாள் கடைசியில். "அதுவும் நல்லதுக்குத்தான்."

"எப்பிடிப் பிள்ளை நல்லது?"

"வாறண்டி இருந்தாத்தானே நான் கொழும்புக்கு அனுப்பவேணும். இல்லாத லப்டொப்பை நான் இப்பவே திறக்கலாம்."

உதயகலா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகட்டைப் பார்த்தார். தன் குற்றம் இப்படி ஒரு உபகாரமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் காதுமடல் சிவந்ததிலேயே தெரிந்தது.

றிஸ்வியா ஏழு ஆணியையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. விசிறிக்குப் பக்கத்தில், மண்ணிறத்தில் ஏதோ அசைந்தது. அங்கே ஒரு முழுக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. முட்டையும் குஞ்சுமாகச் சின்னச் சிவத்த எறும்புகள்.

"உதுக்குப் பக்கத்திலை இருந்து ஆர் இனிப்புத் தின்னுறது?" என்று கேட்டாள் றிஸ்வியா.

 வகுப்பு நடுவில் பத்து நிமிட இடைவேளை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். உதயகலா பால் விடாத ஒரு பிளேன்ரீயோடு ஒரு துண்டுப் பனங்கட்டியை லப்டொப்புக்கு மேலேயே வைத்துக் கடிப்பாள். நாலு மாதப் பனங்கட்டித் தூள் எழுத்துகளின் இடுக்கு வழியாக இறங்கி, ஒரு சமுதாயத்தையே வாழவைத்திருக்கிறது.

"எறும்புக்கு வாறண்டி இருக்கோ?" என்று நமசிவாயம் கேட்டார். குரல் மிகவும் சாதுவாக இருந்தது.

றிஸ்வியா அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "பூச்சி, எறும்பு இல்லை. தண்ணி ஊத்துப்பட்டா இல்லை. இடி விழுந்தா இல்லை. கை தவறிப் போட்டா இல்லை. பற்றரிக்கு ஒரு வருஷம் மட்டும்தான்."

"அப்ப எதுக்குத்தான் இருக்கு?"

"மதர்போட் தன்ரைபாட்டிலை செத்தா இருக்கு. திரை தன்ரைபாட்டிலை போனா இருக்கு. அது ரெண்டாம் மூண்டாம் வருஷம் நடந்தா, எடுத்தவைக்குப் பெரிய உதவிதான். பொய் சொல்லக்கூடாது. ஆனா அங்கிள், எனக்கு இஞ்சை வாறதிலை முக்கால்வாசி தேத்தண்ணியும் எறும்பும் இடியும்தான்." முன்பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என்ரை லப்டொப்புக்கு நான் எடுக்கேல்லை. டினேஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சீல் கிழியாமல் இருந்திருந்தாலும் மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து வரும் பதில் 'எறும்பு' என்பதாகத்தான் இருந்திருக்கும். அவர் வெட்டியதால் எதுவும் கெடவில்லை என்று நினைக்க உதயகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாறண்டிக்குக் கொடுத்த காசு அநியாயமாகப் போயிற்றே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. அந்த மூலையை அவள் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

தூரிகையால் கூட்டி, ஒரு திரவத்தால் துடைத்து, காற்றடித்துக் காயவைக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. பொத்தானை அழுத்தியதும் திரையில் வெளிச்சம் வந்தது. மூடியைப் போட்டு ஏழு ஆணியைப் பூட்டினாள் றிஸ்வியா. எட்டாவது ஆணியோடு ஸ்குறூ ட்றைவரை நமசிவாயத்திடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு உதயகலாவிடம் கொடுத்தார்.

"நீர் பூட்டும். நான் சொல்லுறன்."

அவள் தன் வாழ்நாளில் ஒரு ஆணி பூட்டியதில்லை. அவர் சொன்னபடி, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினாள். காதைப் பக்கத்தில் கொண்டுவந்து நமசிவாயம் கேட்டுக்கொண்டிருந்தார். மிசினுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற அதே முகம்.

"இப்ப இருந்திட்டுது. இனி வலப்பக்கம். இறுக்காதையும். ஆ, காணும், போதும்."

ஆணி வடிவாக உட்கார்ந்தது. உதயகலாவுக்கு ஏதோ பரீட்சையில் சித்தியடைந்ததுபோல இருந்தது.

புறப்படும்போது றிஸ்வியா வாறண்டி அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு பேரையும் போன் இலக்கத்தையும் எழுதினாள். "அங்கிள், எங்கடை வாப்பாவுக்கும் இப்பிடித்தான் கை நடுங்கினது. இந்த டொக்டரிட்டைச் சனல் பண்ணி, நேரம் பதிஞ்சு காட்டினம். இப்ப அவரே கையெழுத்துப் போடுறார். ஒருக்கால் எடுத்துக் கதையுங்கோ."

நமசிவாயம் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அட்டையைப் பொக்கற்றில் வைத்தார்.

வரும் வழியில் மருதனார்மடத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி உதயகலா கும்பிட்டாள். நேர்ந்தது வாறண்டி சரிவந்தால் என்றுதான். வாறண்டி சரிவரவில்லை. ஆனாலும் வடைமாலை சாத்துவது என்று முடிவெடுத்தாள்.

ஐந்தேகாலுக்கு அவள் தேத்தண்ணீர் ஊற்றினாள். அரைக் கோப்பையில் கை தானாக நின்றது.

"நிறைய வாரும்," என்றார் நமசிவாயம். "சிந்தினாச் சிந்தட்டும்."

அவள் விளிம்புவரை ஊற்றினாள். அவர் இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். உடுத்திருந்த சாரத்தில் கொஞ்சம் சிந்தியது. இருவரும் அதைப் பார்த்தார்கள், துடைத்தார்கள். பனங்கட்டிப் பேணியை அவர் எடுத்துக் குசினியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தரைக்குத் திரையில் பதினொரு முகங்களும், அவற்றின் பின்னால் தாய் தகப்பன்மாரும் வந்தார்கள். உதயகலா அன்றைக்குப் படிப்பித்ததுபோல என்றைக்கும் படிப்பித்ததில்லை. ஒரு சின்னப் பெடியன் 'ழ' சொல்லி, அவன் தகப்பன் கைதட்டினான். இன்னொரு பிள்ளை, ரீச்சர் இண்டைக்கு ஏன் சிரிச்சுக்கொண்டே இருக்கிறா என்று தாயைக் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. ஒன்றரை மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

முடிவில் செல்வநாயகி திரைக்கு வந்தாள். "ரீச்சர், எங்கள் எல்லாருக்கும் நல்ல சந்தோசம். புதன்கிழமை வகுப்பையும் நீங்களே எடுங்கோ. வாற புதனே தொடங்குவம். உங்கடை நேரம் அஞ்சரை. ஓம் எண்டு சொன்னா இப்பவே மற்றப் பெற்றோருக்கும் சொல்லிப்போடுவன்."

உதயகலா வாயைத் திறந்தாள். ஓம் என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது.

அந்த நேரம் முன் விறாந்தையில் நமசிவாயத்தின் குரல் கேட்டது. போனில் கதைக்கிறார். காது மந்தமானவர்களோடு கதைப்பதுபோல உரத்துத்தான் அவர் எப்போதும் போனில் கதைப்பார்.

"ஓம், சனல் பண்ணத்தான். எனக்குத்தான் தங்கச்சி. வலது கை... டொக்டர் புதன்கிழமை மட்டும்தான் வாறவரோ? ... எத்தினை மணிக்கு? ... அஞ்சரை. சரி, எழுதுங்கோ."

 மறுபக்கத்தில் ஏதோ கேட்டிருக்கிறார்கள்.

"இல்லை, தனிய வரமாட்டன். மனுசி வரும். ஸ்கூட்டி அவதான் ஓடுறவ."

உதயகலா திரையைப் பார்த்தபடி இருந்தாள். பதினொரு பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பன்மாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர்," என்றாள் செல்வநாயகி. "உங்கடை சத்தம் எங்களுக்குக் கேக்கேல்லை."